ஏழாம் கட்டிலில் படுத்திருந்தவர்

இந்தக் கதையை எழுதத் துணிந்தமைக்காக முதற்கண் பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன். விண்ணப்பமும் கடிதமும் தவிர வேறெதுவும் எழுதிப் பழகாத கை என்னுடையது. கதை சொல்லும் முறையும் அறியேன், செவிலியர் கல்வியும் அறியேன். இரண்டும் அறிந்த பெரியோர் பலர் இருக்க நான் முந்திக்கொண்டு எழுதுவது மரியாதை ஆகாது என்று பலமுறை தாளை மடித்து வைத்தும் பார்த்தேன். மடித்த தாள் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இதில் சொற்பிழை பொருட்பிழை காணப்பட்டால் அவை என்னுடையவை. சுகுணா செய்த பிழை வேறு. அதை அவளே தன் வாயால் சொல்லிவிட்டாள்.

சுகுணா பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். சேலத்தில் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு, மலையடிவாரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சிறிய மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வேலை. பெண்கள் வார்டில் அவளுக்கு வேலை. நீண்ட கூடம், வடக்குச் சுவரை ஒட்டி ஒரு வரிசைக் கட்டில்கள், தெற்குச் சுவரை ஒட்டி ஒரு வரிசை. ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே சுவரில் நீல வண்ணத்தில் எண் எழுதியிருக்கும். வார்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "ஏழு சாப்புட்டுச்சா?", "பன்னெண்டுக்குக் காச்சல் வுட்டுருச்சு" என்பதுதான் அங்கே வழங்கிய பேச்சு.

இந்த வழக்கத்தை மாற்றவேண்டும் என்று, ஒருமுறை வெளியூரிலிருந்து வந்து பயிற்சி நடத்திய அம்மையார் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். "நீங்க இன்னார்தானே என்று கேட்காதீர்கள். நம் மக்கள் மரியாதைக்காக எதற்கும் தலையாட்டுவார்கள். உங்கள் பெயர் என்ன, வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டு, அவர்கள் வாயிலிருந்தே வரவழைத்த பிறகு மருந்தைக் கொடுங்கள்" என்றார். சுகுணாவுக்கு அது சரியென்று பட்டது. மறுநாளிலிருந்தே அப்படிச் செய்யத் தொடங்கினாள்.

அப்போதுதான் சித்தேரி மலையிலிருந்து மாதம்மாள் வந்து சேர்ந்தார். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். வடக்கு வரிசையில் ஏழாம் கட்டில் அவருக்குக் கிடைத்தது. காலை உணவுக்கு முன் அவருக்கு இன்சுலின் ஊசி போட வேண்டும். எதிரே, தெற்கு வரிசையில் படுத்திருந்தவர் இன்னாசியம்மாள். பென்னாகரம் பக்கத்து வேதக்கார, அதாவது கிறித்தவக் குடும்பம். நெஞ்சுச்சளி முற்றி மூச்சிரைப்போடு வந்து, தேறிக்கொண்டிருந்தார். சர்க்கரை நோய் அவருக்குக் கிடையாது.

முதல் நாள் சுகுணா ஊசித் தட்டோடு மாதம்மாளிடம் போனாள்.

"ஆயா, உங்க பேரு என்னங்க?"

"மாதம்மாளுங்க."

"வூட்டுக்காரரு பேரு?"

மாதம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "அத எப்பிடிங்க வாயால சொல்றது?"

"சொன்னாத்தாங்க ஊசி."

"சாமி பேருங்க. நாமம் போட்ட சாமி."

எதிர்க்கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த இன்னாசியம்மாள் குரல் கொடுத்தார். "பெருமாளா?"

"சாமி அவருதான். பேரு அதில்ல."

"கோவிந்தனா?"

"அது எங்க கொழுந்தனாருங்க."

"சீனிவாசனா?"

"அம்மாம் பெரிய பேரெல்லாம் எங்க மாமியா வெக்கலீங்க."

வார்டே சிரித்தது. ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் ஒரு பெயர் வந்தது. மாதம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். கடைசியில் இன்னாசியம்மாளே கண்டுபிடித்தார். "மாயவனா?" மாதம்மாள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதுதான் பெயர் என்று எல்லோருக்கும் விளங்கியது.

"ஏனுங்க ஆயா, நீங்க உங்க வூட்டுக்காரரு பேர சொல்லிருவீங்களா?" என்று சுகுணா இன்னாசியம்மாளைச் சீண்டினாள்.

"கஸ்பார்" என்றார் அவர், மூச்சு வாங்காமல். "மண்ணுக்குள்ள போயிட்ட மனுசனுக்கு இனிமே என்னா கோவம் வந்துறப் போவுது?"

சிரிப்பு அடங்குவதற்குள் வார்டுப் பொறுப்பாளரான பானுமதி வாசலில் வந்து நின்றார். அனுபவமும் கண்டிப்பும் மிக்கவர். ஊசிக்குக் காத்திருந்த மற்றவர்களையும், ஆறிக்கொண்டிருந்த சிற்றுண்டியையும் பார்த்தார்.

"ஊசி போட வந்தியா சுகுணா, வெடுகத போட வந்தியா?"

அவ்வளவுதான் சொன்னார். ஆனாலும் சுகுணாவுக்கு முகம் சுருங்கிப்போனது. அடுத்த நாள் பெயரை மட்டும் கேட்டாள். அதற்கடுத்த நாட்களில் அதையும் கேட்கவில்லை. முகந்தான் தெரியுமே, கட்டில் எண்தான் இருக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாதம்மாளுக்கு வேறொரு கவலை இருந்தது. வடக்குச் சுவரை ஒட்டிய கட்டிலில் படுத்தால் தலை வடக்கே இருக்கும். உயிரோடு இருப்பவர் வடக்கே தலைவைத்துப் படுப்பதாவது. தலையணையைக் கால்மாட்டில் போட்டுத் திரும்பிப் படுத்துப் பார்த்தார். புண்பட்ட காலை உயரத்தில் வைக்கும் ஏற்பாடு கட்டிலின் தலைமாட்டில் இல்லாததால், செவிலியர்கள் அவரை மறுபடி மறுபடி நேராகத் திருப்பிப் படுக்கவைத்தார்கள். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவர் தூங்காமல் கிடந்தார். அதைக் கவனித்தவர் இன்னாசியம்மாள் ஒருவர்தான்.

"ஏன் மாதம்மா, கண்ணு செவந்து கெடக்குது?"

மாதம்மாள் காரணத்தைச் சொன்னார்.

"இதுக்குத்தானா? எங்களுக்கு வடக்கும் ஒண்ணு, தெக்கும் ஒண்ணு. சிலுவ நாலு பக்கமும்தான் பாக்குது. நீ இங்க வந்து படு, நான் அங்க போறேன்."

சுகுணா வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருந்த ஒரு மாலையில், இரண்டு பெண்களும் தத்தம் பையையும் டம்ளரையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு இடம் மாறினார்கள். அதை யாரிடமும் சொல்லவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பேருந்தில் இருக்கை மாறி உட்கார்ந்தால் நடத்துநரிடம் விண்ணப்பிக்கிறோமா? மாதம்மாள் அன்று நிம்மதியாக உறங்கினார்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை, தவக்காலத்து வெள்ளி. அந்நாளில் இன்னாசியம்மாள் ஒருசந்தி இருப்பார். அதாவது, மாலை வரை பச்சைத்தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் வைக்கமாட்டார். நோயில் கிடக்கும்போது தேவையில்லை என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தும், தேறிவிட்டோமே என்ற நினைப்பில் அன்றும் இருந்தார். மலைக்காற்றின் குளிருக்குப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, போர்வைக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

சுகுணா ஊசித் தட்டோடு வந்தாள். அன்று அவளோடு இருக்கவேண்டிய இன்னொரு செவிலியர் விடுப்பு. பானுமதி நிர்வாகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஒவ்வொரு ஊசியிலும் ஒட்டிய துண்டில் கட்டில் எண் இருந்தது.

"ஆயா, ஊசிங்க."

செபத்தை நடுவில் முறிக்க விரும்பாத இன்னாசியம்மாள், "ம்" என்று மட்டும் சொல்லிக் கையைப் போர்வைக்கு வெளியே நீட்டினார். மாதம்மாளின் முன்கையில் தேள் வடிவத்தில் பச்சை குத்தியிருக்கும். சுகுணா நாள்தோறும் பார்த்த தேள் அது. இன்று நீண்ட கையில் பச்சை இல்லை. கண் அதைப் பார்த்தது. மனம் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டிருந்தது. ஊசியைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

வடக்கு வரிசையை முடித்துவிட்டுத் தெற்கு வரிசைக்கு வந்தபோது, இன்னாசியம்மாளின் கட்டிலிலிருந்து வேறு குரல் வந்தது.

"சிஸ்டரு, இட்டிலி வந்துருச்சுங்க. எனக்கு இன்னும் ஊசி போடலியே."

மாதம்மாள் சிரித்த முகத்தோடு கையை நீட்டிக்கொண்டிருந்தார். கையில் தேள் இருந்தது.

"ஆயா, நீங்க எப்பிடிங்க இங்க?"

"வடக்க தல வெச்சுப் படுக்க முடியிலீங்க. அந்த மகராசி மாத்திக் குடுத்துச்சு."

ஏழாம் கட்டிலில் யாருக்கு ஊசி போட்டோம் என்று சுகுணாவுக்கு விளங்கியது. சர்க்கரை நோய் இல்லாத உடம்பில் இன்சுலின் ஏறினால் இரத்தத்தில் உள்ள சர்க்கரை மளமளவென்று இறங்கும். கவனியாமல் விட்டால் நினைவு தப்பும், உயிரும் போகலாம். இது படித்த பாடம். உடனே மருத்துவருக்குச் சொல்லவேண்டும் என்பதும் படித்த பாடம்தான். மருத்துவர் நவநீதன் கீழே புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசி மேசைமேல் இருந்தது.

கை தொலைபேசிவரை போனது. அங்கே நின்றுவிட்டது. போன ஆண்டு ஒரு பெண் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. நேர்மையாகப் போய்ச் சொன்னாள். அன்று மதியமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி யாரும் அவள் பெயரை எடுக்கவில்லை. சுகுணாவின் வேலையைப் புதுப்பிக்கும் காலமும் நெருங்கியிருந்தது. ஊசி போட்டுச் சிறிது நேரந்தானே ஆகிறது, இனிப்பாக எதையாவது குடிக்கவைத்துவிட்டால் சரியாகிவிடும், யாருக்கும் தெரியவேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னாசியம்மாளின் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை இன்னும் இறங்கத் தொடங்கவில்லை. அவருடைய டம்ளர் நிறையச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள். அதில் குளுக்கோசு மாவும் அள்ளிப் போட்டாள்.

"ஆயா, இத முழுசா குடிச்சிருங்க."

"என்னாது கண்ணு?"

"தெம்புக்குங்க."

இன்னாசியம்மாள் டம்ளரை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்தார். வேலை பார்க்கும் பிள்ளை பிரியமாகக் கொண்டுவந்ததை வேண்டாமென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"சரிம்மா, நீ போயி வேலையப் பாரு. குடிச்சிக்கறேன்."

அவர் குடிக்கும்வரை நின்றிருப்பாள். சத்தியமாக நின்றிருப்பாள் என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள். அந்நேரம் மூச்சுத்திணறலோடு ஒரு பெண்ணை ஆம்புலன்சில் கொண்டுவந்து இறக்கினார்கள். வார்டில் வேறு செவிலியர் இல்லை. ஓடினாள். மாதம்மாளுக்கு வேறு ஊசி எடுத்து வழியில் போட்டாள். இம்முறை பெயர் கேட்டுவிட்டுப் போட்டாள்.

புதிதாக வந்த பெண்ணுக்கு மூச்சு சீராகித் திரும்பியபோது ஏழாம் கட்டில் காலியாக இருந்தது. பக்கத்து ஜன்னல் மேடையில் டம்ளர் இருந்தது. அதன்மேல் ஒரு சிறு தட்டை வைத்து மூடியிருந்தது. சுகுணா தட்டை எடுத்தாள். சர்க்கரைத் தண்ணீர் விளிம்புவரை அப்படியே இருந்தது.

கழிவறைப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

இன்னாசியம்மாள் ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். உடம்பு வேர்வையில் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. கஸ்பாரோடு ஏதோ வயல் விஷயம் பேசுவதுபோல் வாய் முணுமுணுத்தது. வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்த விதத்தைப் பார்த்ததும் சுகுணாவுக்கு இடுப்பெலும்பு என்று தெரிந்துவிட்டது. விரலில் குத்திப் பார்த்தாள். கருவியில் வந்த எண்ணைப் பார்க்க அஞ்சினாள்.

நவநீதன் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். பின்னாலேயே பானுமதியும் வந்தார்.

"இவங்களுக்குச் சர்க்கரை நோயே இல்லியே. ஏன் இப்படி இறங்கிச்சு?"

அருகில் நின்ற நோயாளிகளிடம் விசாரித்துவிட்டுப் பானுமதிதான் பதில் சொன்னார். "ஒருசந்தி இருந்திருக்குதுங்க சார். காலையிலிருந்து வெறும் வயிறு."

"அப்ப அதான். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெளிஞ்சிரும். காலுக்குத் தருமபுரி அனுப்பலாம்."

காரணம் கிடைத்துவிட்டது. யாரும் புனையாமல், தானாக வந்து வாய்த்த காரணம். சுகுணா ஒன்றும் பேசவேண்டியதில்லை. பேசாமல் நின்றால் போதும். ஆனால் ஊசியின் வேகம் இன்னும் பல மணி நேரம் இருக்கும். ஒரு பாட்டில் முடிந்ததும் சர்க்கரை மறுபடி இறங்கும். அப்போது இன்னாசியம்மாள், காரணம் தெரியாத யாரோ ஒருவர் பொறுப்பில், வண்டியில் பாதி வழியில் இருப்பார்.

"ஒரு பாட்டில் பத்தாதுங்க சார்."

"ஏன்?"

"இவங்களுக்கு நான் இன்சுலின் போட்டுட்டங்க. ஏழாம் கட்டில்னு, மாதம்மாள் ஆயாவுக்குப் போட வேண்டியத போட்டுட்டேன். ஆளப் பாக்கல."

நவநீதன் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப தெரிஞ்சுது?"

"அப்பவே தெரிஞ்சுதுங்க."

எவ்வளவு ஊசி என்று அவர் கேட்டார். குளுக்கோசை நிறுத்தாமல் ஏற்றவும், விடாமல் விரலில் குத்திப் பார்க்கவும், நிலை தெளியும்வரை அனுப்பாதிருக்கவும் ஏற்பாடு செய்தார். மதியம் கடந்து இன்னாசியம்மாளின் சர்க்கரை ஒருமுறை மீண்டும் சரிந்தது. எல்லோரும் தயாராக இருந்ததால் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

நினைவு திரும்பியபோது பக்கத்தில் மகன் டேவிட்ராஜ் நின்றிருந்தான். சுமைவண்டி ஓட்டுபவன், செய்தி கேட்டு வண்டியை வழியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். அவன் முன்னிலையிலேயே சுகுணா எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஊசி மாறினது தப்பு. சரி, மனுசன்னா மாறும்" என்றான் டேவிட்ராஜ். "தெரிஞ்சதுக்கப்பறம் மூடி வெச்சீங்களே, அதுக்கு என்னங்க சொல்றீங்க?"

இன்னாசியம்மாள் சுகுணாவின் கையைத் தேடிப் பிடித்தார்.

"தெம்புக்குன்னு சொன்ன கண்ணு. தெம்பு சாயங்காலம் வந்தாப் போதும்னு மூடி வெச்சேன். ஊசி மாறிப்போச்சு, குடிக்காட்டி உசுருக்கு ஆபத்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா ஒரே மடக்குல குடிச்சிருப்பேனே. ஒருசந்திய அடுத்த வாரம் இருந்துக்க மாட்டனா?"

திட்டியிருந்தால் சுகுணா தாங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பரிவு அவளை நிற்கவிடவில்லை.

மருந்தறைக்குள் பானுமதி அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. கட்டில மாத்திக்கிட்டது அவங்க. யாருகிட்டயும் சொல்லல. நடந்தது அதுதான்னு எழுதிக் குடு. பொய்யில்ல."

"பொய்யில்லீங்கக்கா. ஆனா மாதம்மாள் ஆயா அங்க அழுதுகிட்டு உக்காந்திருக்குது. என் தலய காப்பாத்திக்க அந்த மகராசி இடுப்ப ஒடச்சிட்டேன்னு சொல்லுது. நான் இப்பிடி எழுதுனா அதத்தான் ஊரும் சொல்லும்."

"நீ உண்மைய எழுதுனா உன்னைய மட்டுமா கேப்பாங்க?" பானுமதியின் குரல் தணிந்தது. "வெடுகதன்னு சொன்னது நானு."

சுகுணா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்டிப்பான முகத்தில் அச்சத்தை அவள் அதுவரை கண்டதில்லை.

"கேட்டிருந்தா போதுங்கக்கா. இந்த வார்டுல வூட்டுக்காரரு பேர தயங்காம சொல்றது அந்த ஒரு ஆயாதான். நான் இன்னாசியம்மா, கஸ்பார் பொஞ்சாதின்னு மூச்சு வுடறதுக்குள்ள சொல்லியிருக்கும். நான் கேக்கல. அத எழுதிக் குடுக்கறேன். வெடுகதய எழுதல."

பானுமதி திரும்பி மருந்துப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

சுகுணா எழுதிக் கொடுத்தாள்: பெயர் கேட்காததையும், தெரிந்தபின் சொல்லாததையும் எழுதினாள். வார்டில் தனியாக இருந்ததை எழுதவில்லை. சாக்குச் சொல்வதுபோல் இருக்கும் என்று விட்டுவிட்டாள். அதை எழுதியிருக்கவேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. நிர்வாகம் தாளை வாங்கிக்கொண்டது. ஒருவரும் அவளை உட்காரச் சொல்லிக் கேள்வி கேட்கவில்லை. சீருடையை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மறுவாரமே கட்டில் எண்களுக்கு மேல் புதிய நீல வண்ணம் பூசினார்கள். எண்கள் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

மலையிலிருந்து மாயவன் வந்து, மருத்துவர் தடுத்தும் கேளாமல், மனைவியை அழைத்துக்கொண்டு போய்விட்டார். மாதம்மாள் பேருந்தில் ஏறும்முன் சுகுணாவிடம் ஒன்று மட்டும் கேட்டார். "நான் அந்தக் கட்டில்லயே கெடந்திருக்கணுமுங்களா?" இல்லை என்று அவள் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இதற்குமேல் அழகாக முடிக்க எனக்குத் தெரியாது. போனவற்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

உயிர் எதுவும் போகவில்லை. இன்னாசியம்மாளுக்கு நடை போனது. வீட்டுக்குள் கைத்தாங்கலோடு நடக்கிறார், கோவிலுக்கு மகன் தூக்கிக்கொண்டு போகிறான். மாதம்மாளுக்குப் புண்பட்ட காலின் பெருவிரல் போனது, மருத்துவமனை என்றால் இருந்த நம்பிக்கையும் போனது. சுகுணாவுக்கு வேலை போனது. வார்டுக்கு, தவற்றை வாய்திறந்து சொன்ன ஒரு செவிலியர் போனார். மாதம்மாளும் இன்னாசியம்மாளும் அதன்பின் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அந்தச் சிநேகமும் போனது. ஜன்னல் மேடையிலிருந்த டம்ளர் இன்னாசியம்மாளுடையது. அதை யாரும் எடுத்துவைக்கவில்லை. அதுவும் போனது.